அமெரிக்காவில் நடப்பது ஒரு தேர்தல் இல்லை, ஐம்பத்தொன்று

கேள்வி: அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தவறாமல் படிக்கிறேன். பிரைமரி, காக்கஸ், தேர்வாளர் குழு, ஊசலாடும் மாநிலம், ஃபிலிபஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் பொருள் தேடிப் பார்த்துவிட்டேன். இருந்தும் மூன்று விஷயங்கள் பிடிபடவில்லை. அதிக வாக்கு வாங்கியவர் தோற்பது எப்படி? அதிபர் பதவியும் இரண்டு அவைகளும் ஒரே கட்சியின் கையில் இருந்தும் சட்டம் நிறைவேறாமல் நிற்பது ஏன்? வென்றவர் இவர்தான் என்று அங்கே யார் அறிவிக்கிறார்கள்?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பவைதான். அமெரிக்க அதிபர் தேர்தல் என்று நாம் சொல்வது ஒரே தேர்தல் கிடையாது. 50 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தத்தமது சட்டப்படி, தத்தமது அதிகாரிகளைக் கொண்டு, ஒரே நாளில் நடத்தும் 51 தேர்தல்களின் கூட்டு அது. 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் கூடி அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள், ஏற்கெனவே தனித்தனி அரசுகளாக இயங்கிக்கொண்டிருந்த மாநிலங்களின் பிரதிநிதிகள். தங்கள் அதிகாரத்தில் எவ்வளவை விட்டுக்கொடுப்பது, எவ்வளவைக் கையில் வைத்துக்கொள்வது என்று மாதக்கணக்கில் பேரம் பேசினார்கள். இன்று நம்மைக் குழப்பும் சொற்களில் பாதி அந்தப் பேரத்தின் தழும்புகள்.

நம் ஊர் வாசகர் தடுக்கி விழும் முதல் இடம் தேர்தல் ஆணையம். வாஷிங்டனில் கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் நம் தேர்தல் ஆணையத்தின் அமெரிக்கப் பதிப்பு என்று தோன்றும். அது வாக்காளர் பட்டியல் தயாரிப்பதில்லை, வாக்குச்சாவடி அமைப்பதில்லை, ஒரு வாக்கைக்கூட எண்ணுவதில்லை. அதிபர் நிக்சனைப் பதவி விலக வைத்த வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு, வேட்பாளர்கள் திரட்டும் பணத்தையும் செலவையும் கண்காணிக்க உண்டாக்கப்பட்ட அமைப்பு அது. அதையும் 2010இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு பெருமளவு பல்லிழக்கச் செய்துவிட்டது. வேட்பாளருடன் நேரடியாகக் கைகோக்காமல் செலவு செய்யும் குழுக்கள் நிறுவனங்களிடமும் தனிநபர்களிடமும் வரம்பின்றிப் பணம் வாங்கலாம் என்றானது. செய்திகளில் வரும் 'சூப்பர் பேக்' அந்தக் குழுதான்.

அப்படியானால் தேர்தலை நடத்துபவர் யார்? பெரும்பாலான மாநிலங்களில் அந்த மாநிலத்தின் செயலர். ஆங்கிலத்தில் இவருக்கும் வாஷிங்டனில் இருக்கும் வெளியுறவு அமைச்சருக்கும் பதவிப் பெயர் ஒன்றே என்பதால், அவசரமாக மொழிபெயர்க்கும் பத்திரிகைகளில் 'ஜார்ஜியா வெளியுறவு அமைச்சர் வாக்கு எண்ணிக்கையை மேற்பார்வையிட்டார்' என்கிற மாதிரி விபரீதங்கள் நேர்வதுண்டு. இந்த மாநிலச் செயலர் பல இடங்களில் கட்சிச் சின்னத்தோடு போட்டியிட்டு வென்றவர். நடுவரே ஒரு அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் நமக்குத் தோன்றும். ஆனாலும் 2021 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஜார்ஜியாவின் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, 11,780 வாக்குகளை எப்படியாவது கண்டுபிடிக்கும்படி வற்புறுத்தியபோது, அவர் தன் கட்சித் தலைவரிடமே முடியாது என்று சொன்னார். அங்கே ஜோ பைடன் வென்றது 11,779 வாக்குகளில்.

மாநிலத்துக்கும் கீழே கவுண்டி என்றொரு படி இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் மூவாயிரம் கவுண்டிகள். வாக்குச்சீட்டு அச்சிடுவது, இயந்திரம் வாங்குவது, எண்ணுவது எல்லாம் பெரும்பாலும் இந்தப் படியில் நடக்கின்றன. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2000ஆம் ஆண்டு ஃபுளோரிடாவின் பாம் பீச் கவுண்டி சாட்சி. அங்கே முதியவர்கள் அதிகம். அவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்க நினைத்தார் கவுண்டி தேர்தல் அதிகாரி. எழுத்து பெரிதானதும் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இடப்பக்கம் சில பெயர்கள், வலப்பக்கம் சில பெயர்கள், நடுவில் ஒரே வரிசையாகத் துளைகள் என்று சீட்டை அமைத்தார்கள். இடப்பக்கத்தில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோர் இரண்டாவது பெயர்; ஆனால் இரண்டாவது துளை வலப்பக்கத்தில் இருந்த பாட் புக்கானனுக்கு உரியது. ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அந்தக் கவுண்டியில் தீவிர வலதுசாரியான புக்கானனுக்கு 3,400க்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன. இவற்றில் பல தனக்கு விழுந்திருக்க வேண்டியவை அல்ல என்று புக்கானனே ஒப்புக்கொண்டார். ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாக்களித்த ஃபுளோரிடாவில் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்குகளில். ஃபுளோரிடா கைக்கு வந்ததால்தான் அவர் அதிபரானார். ஒரு கவுண்டி அலுவலகத்தின் அச்சு வடிவமைப்பு உலக வரலாற்றில் கை வைத்தது என்று சொன்னால் அது மிகையில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். அமெரிக்க வாக்காளர் அதிபருக்கு நேரடியாக வாக்களிப்பதில்லை. தன் மாநிலத்தின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுக்கப் போகும் தேர்வாளர்களுக்கு வாக்களிக்கிறார். ஒரு மாநிலத்துக்கு எத்தனை தேர்வாளர்கள் என்பது, அந்த மாநிலத்துக்குக் காங்கிரசில் எத்தனை உறுப்பினர்களோ அத்தனை. (காங்கிரஸ் என்றால் இங்கே கட்சி அல்ல, இரண்டு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றம்.) கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 பேர், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கின்படி இந்த இடங்கள் மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. மேலவையான செனட்டில் 100 பேர். பெரிய மாநிலம் சின்ன மாநிலம் என்ற பேதமின்றி ஆளுக்கு இரண்டு. தலைநகர் வாஷிங்டனுக்குக் காங்கிரசில் வாக்குரிமை உள்ள உறுப்பினர் கிடையாது என்றாலும், 1961இல் வந்த அரசமைப்புத் திருத்தம் அதற்கு 3 தேர்வாளர்களைக் கொடுத்தது. மொத்தம் 538. பாதிக்கு மேல் ஒன்று, 270. தேர்தல் இரவில் திரும்பத் திரும்பக் கேட்கும் எண் இதுதான்.

செனட்டின் அந்த 'ஆளுக்கு இரண்டு' என்ற கணக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 3.9 கோடி மக்கள். வயோமிங்கில் 6 லட்சத்துக்கும் குறைவு. இருவருக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள். சின்ன மாநிலங்கள் 1787இல் 'இது இல்லாவிட்டால் நாங்கள் சேர மாட்டோம்' என்று பிடித்த பிடியின் விளைவு. தேர்வாளர் எண்ணிக்கையிலும் இந்த இரண்டு வந்து ஒட்டிக்கொள்வதால், வயோமிங்கின் 3 தேர்வாளர்களில் இரண்டு பேர் மக்கள்தொகையோடு சம்பந்தமே இல்லாதவர்கள்.

ஆனால் அதிக வாக்கு வாங்கியவர் தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு. 48 மாநிலங்களிலும் வாஷிங்டனிலும், ஒரு வாக்கு கூடுதலாக வாங்கியவருக்கு அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் போய்விடுகிறார்கள். மெய்னும் நெப்ராஸ்காவும் மட்டும் சிலரைத் தொகுதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கின்றன. 2020இல் பைடன் கலிஃபோர்னியாவை 50 லட்சம் வாக்குகளுக்கும் அதிகமான வித்தியாசத்தில் வென்றார். 55 தேர்வாளர்கள் கிடைத்தார்கள். ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தாலும் அதே 55தான். மிச்ச வாக்குகள் எல்லாம் வாஷிங்டன் கணக்கில் செல்லாக் காசு. ஜார்ஜியாவிலோ அந்த 11,779 வாக்கு வித்தியாசம் 16 தேர்வாளர்களைக் கொண்டுவந்தது. 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் வாங்கினார். விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றையும் சேர்த்து ஏறத்தாழ 78,000 வாக்குகளில் இழந்தார். அதோடு அதிபர் பதவியும் போயிற்று. 1824, 1876, 1888, 2000 ஆகிய ஆண்டுகளிலும் மக்கள் வாக்கில் முந்தியவர் வெள்ளை மாளிகைக்குள் போகவில்லை.

ஊசலாடும் மாநிலம் என்பதன் பொருள் இப்போது தானே விளங்கும். கலிஃபோர்னியா யாருக்கு என்பது முன்பே தெரியும், வயோமிங்கும் அப்படியே. இரண்டு கட்சிக்காரர்களும் அங்கே போய்த் தொண்டை நீரை வற்றவைக்க மாட்டார்கள். 2024இல் பிரசாரம் சுற்றிச்சுற்றி வந்தது ஏழு மாநிலங்களை: பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடகரோலினா, அரிசோனா, நெவாடா. ஏழு மாநிலங்களையும் டிரம்ப் வென்றார். முடிவு 312க்கு 226. அந்த முறை நாடளாவிய வாக்கிலும் அவரே முந்தினார் என்பதால் இந்த விவாதம் கொஞ்ச காலம் அடங்கியிருக்கிறது. இந்த முறை நியாயமா என்று கேட்டால், என் கருத்து இல்லை என்பதுதான். ஆனால் தேர்வாளர் முறையையே மாற்ற வேண்டுமென்றால் அரசமைப்பைத் திருத்த வேண்டும். அதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், பிறகு நான்கில் மூன்று பங்கு மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். இந்த முறையால் பயன்பெறும் மாநிலங்களே அதற்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

யாருக்குமே 270 கிடைக்காவிட்டால்? பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அப்போதும் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்று கணக்கில்லை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 1824இல் ஆண்ட்ரூ ஜாக்சன் மக்கள் வாக்கிலும் தேர்வாளர் வாக்கிலும் முதலிடத்தில் இருந்தும் பெரும்பான்மை கிடைக்காமல், சபை ஜான் குவின்சி ஆடம்ஸை அதிபராக்கியது இப்படித்தான்.

கட்சிகளைப் பற்றி. அங்கே 'கட்சி' என்பது நாம் அறிந்த கட்சி இல்லை. உறுப்பினர் அட்டை கிடையாது, சந்தா கிடையாது, தலைமைக் கழகம் கிடையாது, வேட்பாளர் பட்டியலைக் கடைசி நேரத்தில் வெளியிடும் பொதுச்செயலாளர் கிடையாது. வாக்காளராகப் பதிவு செய்யும்போது பல மாநிலங்களில் 'ஜனநாயகக் கட்சி', 'குடியரசுக் கட்சி', 'எதுவும் இல்லை' என்று ஒரு கட்டத்தில் குறியிடலாம். அரசாங்கப் படிவத்தில் போடும் அந்தக் குறிதான் கட்சி உறுப்பினர் தகுதி. இப்படிக் குறியிட்டவர்கள் சேர்ந்து தங்கள் கட்சியின் வேட்பாளரை வாக்குச்சாவடிக்குப் போய்த் தேர்ந்தெடுக்கும் தேர்தல்தான் பிரைமரி. அதாவது கட்சிக்குள் நடக்கும் தேர்தலை மாநில அரசே தன் செலவில் நடத்திக் கொடுக்கிறது. பென்சில்வேனியா போன்ற இடங்களில் அந்தந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். இது மூடிய பிரைமரி. டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது. அன்று எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்குகிறாரோ அதில் வாக்களிக்கலாம். இது திறந்த பிரைமரி.

காக்கஸ் கதை வேறு. அது கூட்டம். ஐயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் 2020 வரை நடத்தியதுதான் புகழ்பெற்றது. பிப்ரவரிக் குளிரில், இரவு ஏழு மணிக்குப் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கிலோ தேவாலயக் கூடத்திலோ மக்கள் கூடுவார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. ஆதரவாளர்கள் அந்தந்த மூலையில் போய் நிற்க, தலைகளை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதத்தை எட்டாத மூலை கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்களை மற்ற மூலைக்காரர்கள் 'இங்கே வாருங்கள், இங்கே வாருங்கள்' என்று கூவி அழைப்பார்கள். அண்டை வீட்டுக்காரரின் கண்முன் நின்று வாக்களிக்கும் முறை. இரவுப் பணிக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தை உள்ளவருக்கும் அதில் இடமில்லை. 2020இல் முடிவுகளைத் தொகுக்க வைத்திருந்த செயலி காலைவாரிவிட்டது. வெற்றியாளர் யார் என்று தெரிய நாட்கணக்கில் ஆயிற்று. ஜனநாயகக் கட்சி ஐயோவாவின் முதலிடத்தை 2024இல் பறித்துவிட்டது. குடியரசுக் கட்சியின் காக்கஸ் சீட்டில் எழுதிப் போடும் ரகசிய வாக்கெடுப்பாக இன்றும் தொடர்கிறது.

காக்கஸ் என்ற சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் உண்டு. காங்கிரசுக்குள் ஒரே நோக்குள்ள உறுப்பினர்கள் அமைத்துக்கொள்ளும் குழுவையும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பெர்னி சாண்டர்ஸ் சுயேச்சை என்றாலும் ஜனநாயகக் கட்சியின் காக்கசில் அமர்கிறவர். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஐயோவாவுக்கு அடுத்துப் பேசப்படுவது நியூ ஹாம்ப்ஷயர். நாட்டின் முதல் பிரைமரி தங்களுடையதாகவே இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டமே போட்டு வைத்திருக்கிறது. அங்கே டிக்ஸ்வில் நாட்ச் என்று ஒரு குக்கிராமம். நள்ளிரவு 12 மணிக்கு வாக்களித்து, சில நிமிடங்களில் எண்ணி முடித்து, முடிவையும் சொல்லிவிடுவார்கள். 2024 ஜனவரிப் பிரைமரியில் ஆறு பேர் வாக்களித்தார்கள். ஆறும் குடியரசுக் கட்சியின் நிக்கி ஹேலிக்கு. நவம்பர்ப் பொதுத்தேர்தலில் கமலா ஹாரிசுக்கு மூன்று, டிரம்புக்கு மூன்று. வாக்காளர்களைவிடப் புகைப்படக்காரர்களின் கூட்டம் அங்கே அதிகம்.

ஒவ்வொரு பிரைமரியிலும் காக்கசிலும் வேட்பாளர்கள் சேர்ப்பது, கட்சி மாநாட்டில் தங்களுக்கு வாக்களிக்கும் பேராளர்களை. ஏகப்பட்ட மாநிலங்கள் ஒரே நாளில் பிரைமரி நடத்தும் செவ்வாய்க்கிழமைதான் 'சூப்பர் டியூஸ்டே'. கோடையில் நடக்கும் கட்சி மாநாட்டில் பேராளர்கள் வாக்களித்து வேட்பாளரை அறிவிக்கிறார்கள். இப்போது அது பெரும்பாலும் சடங்கு. ஒரு காலத்தில் அப்படி இல்லை. 1968இல் ஜனநாயகக் கட்சியின் சிகாகோ மாநாட்டில் ஹூபர்ட் ஹம்ஃப்ரி எந்தப் பிரைமரியிலும் களமிறங்காமலேயே, கட்சிப் பெரியவர்களின் தயவில் வேட்பாளரானார். வெளியே வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர்களை போலீஸ் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் கட்சி விதிகளைத் திருத்தி, தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிரைமரி வாக்காளர்களிடம் கொடுத்தது. அதன் மறுபக்கத்தை 2016 காட்டியது: குடியரசுக் கட்சியின் பெருந்தலைகள் பலர் விரும்பாத ஒருவரைப் பிரைமரி வாக்காளர்கள் வேட்பாளராக்கினார்கள், கட்சியால் தடுக்க முடியவில்லை.

இரண்டு கட்சிகளின் வரலாறு ஒரு குழப்பத்தைத் தீர்க்கும். 1854இல் அடிமை முறையின் பரவலை எதிர்த்து உருவானது குடியரசுக் கட்சி. லிங்கன் அதன் முதல் அதிபர். அப்படியிருக்க, கறுப்பின மக்கள் இன்று பெருவாரியாக ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பது ஏன் என்று கேட்பார்கள். ஒரு நூற்றாண்டுக் காலம் தென்மாநில வெள்ளை இனவாதத்தின் கட்சியாக இருந்தது ஜனநாயகக் கட்சிதான். 1930களில் அக்கட்சியின் அதிபர் ரூஸ்வெல்ட்டின் நிவாரணத் திட்டங்கள் காலத்தில் ஆரம்பித்த மாற்றம், 1964இல் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த குடிமை உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது திரும்ப முடியாத திருப்பமாயிற்று. அதே ஆண்டு தென்கரோலினா செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் ஜனநாயகக் கட்சியிலிருந்து குடியரசுக் கட்சிக்குத் தாவினார். தெற்கும் மெல்ல மெல்ல அவர் பின்னால் போயிற்று. இந்தத் தர்மண்டின் பெயர் இன்னொரு முறை வரும். சிவப்பு மாநிலம் (குடியரசுக் கட்சி), நீல மாநிலம் (ஜனநாயகக் கட்சி) என்பதெல்லாம் 2000ஆம் ஆண்டுத் தேர்தல் இரவில் தொலைக்காட்சி வரைபடங்களால் நிலைத்துப்போனவை. அதற்கு முன் ஒவ்வொரு சேனலும் தனக்குப் பிடித்த வண்ணத்தைப் பூசிக்கொண்டிருந்தது.

வேட்பாளரைக் கட்சித் தலைமை தேர்ந்தெடுப்பதில்லை என்பதன் அடுத்த விளைவைத்தான் உங்கள் இரண்டாவது கேள்வியில் பார்க்கிறோம். கொறடா அங்கேயும் உண்டு. ஆனால் அவருடைய உத்தரவை மீறினால் பதவி போகாது, கட்சித் தாவல் தடைச் சட்டமும் கிடையாது. 2017 ஜூலை 28, அதிகாலை ஒன்றரை மணி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைக் கலைக்கும் மசோதா செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது. மூளைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த ஜான் மெக்கெய்ன் அவைக்குள் வந்து, மேசை முன் நின்று, கட்டை விரலைக் கீழே காட்டினார். 49க்கு 51, மசோதா செத்தது. அவரும் அவருடன் எதிர்த்து வாக்களித்த சூசன் காலின்சும் லிசா மர்கோவ்ஸ்கியும் மசோதாவைக் கொண்டுவந்த குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர்களே.

மர்கோவ்ஸ்கிக்கு அப்படி ஒரு துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2010இல் அலாஸ்காப் பிரைமரியில் சொந்தக் கட்சி அவரைத் தோற்கடித்தது. வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லை. ஆனால் அமெரிக்க வாக்குச்சீட்டில் பல இடங்களில் ஒரு வெற்றுக் கோடு இருக்கும்; வாக்காளர் தனக்குப் பிடித்த பெயரை அதில் எழுதிவிட்டுப் பக்கத்து முட்டை வட்டத்தை நிரப்பலாம். தன் பெயரின் எழுத்துகளை அச்சிட்ட கைப்பட்டைகளை ஊர் ஊராக விநியோகித்து, அந்தக் கோட்டின் வழியே செனட்டுக்குத் திரும்பினார். எழுத்துப்பிழையோடு எழுதிய வாக்குகள் செல்லாது என்று எதிராளி நீதிமன்றம் போனார். வாக்காளரின் எண்ணம் புரிந்தால் போதும் என்றது நீதிமன்றம்.

கட்சிக் கட்டுப்பாடு மட்டும் இருந்தாலும் போதாது, ஏனென்றால் அடுத்த மதில் ஃபிலிபஸ்டர். செனட்டில் ஒரு மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் வேண்டும். மசோதா நிறைவேற 51 போதும். ஆனால் அந்த வாக்கெடுப்பை அடைவதற்கே 60. முன்பெல்லாம் தடுக்க விரும்புகிறவர் எழுந்து நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். 1957இல் குடிமை உரிமை மசோதாவைத் தடுக்கத் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை வரிசையாக வாசித்தார். அத்தனைக்குப் பிறகும் மசோதா நிறைவேறியது. இப்போது அந்தச் சிரமமும் இல்லை. எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிவித்தாலே 60ஐத் தேட வேண்டியதுதான். அரசமைப்புச் சட்டத்தில் இப்படி ஒரு விதியே கிடையாது. செனட் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பழக்கம். வேண்டியபோது அதைக் கிள்ளியும் எடுப்பார்கள். 2013இல் ஜனநாயகக் கட்சி கீழ்நிலை நீதிபதிகள் நியமனத்துக்கும், 2017இல் குடியரசுக் கட்சி உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் இதை நீக்கிவிட்டன. வரவுசெலவு சார்ந்த சில மசோதாக்களுக்கும் 51 போதும்.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அரசாங்க அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. அதிபர், பிரதிநிதிகள் சபை, செனட் மூன்றும் குடியரசுக் கட்சியிடம். பிரதிநிதிகள் சபை செலவின மசோதாவை நிறைவேற்றி அனுப்பிவிட்டது. செனட்டில் 60 கிடைக்கவில்லை. அவ்வளவுதான், லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. நம் முறையில் நிதி மசோதா தோற்றால் அரசாங்கம் கவிழும், தேர்தல் வரும், ஒரு வழி பிறக்கும். அங்கே அதிபரின் பதவிக்காலம் நான்காண்டு என்று முன்பே எழுதியாயிற்று. அவருடைய அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்கவே கூடாது. கவிழ்க்க எதுவும் இல்லாததால் முடங்குகிறது.

செனட்டில் 50க்கு 50 என்று நின்றால் துணை அதிபர் வாக்களித்துத் தீர்க்கலாம். அந்தப் பதவிக்கு அரசமைப்பு கொடுத்திருக்கும் உருப்படியான அன்றாட வேலை இது ஒன்றுதான். இப்படி 33 முறை வாக்களித்து, ஜான் கல்ஹூன் வைத்திருந்த 31 என்ற பழைய சாதனையைத் தாண்டியவர் கமலா ஹாரிஸ். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காக அர்ச்சனை செய்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்னும் சில சொற்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் நடுநிலையாளர் அல்ல. பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். 2023 ஜனவரியில் 15 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு அந்த நாற்காலியில் அமர்ந்த கெவின் மெக்கார்த்தியை அக்டோபரில் சொந்தக் கட்சியின் எட்டுப் பேர் எதிர்த்தரப்போடு சேர்ந்து இறக்கினார்கள். மாநில ஆளுநர் மத்திய அரசு அனுப்பிவைக்கும் ஆள் அல்ல. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மாநிலத் தலைவர். இடைக்காலத் தேர்தல் என்பது காலியிடத்துக்கு நடக்கும் இடைத்தேர்தல் இல்லை. அதிபரின் நான்காண்டுக்கு நடுவே, பிரதிநிதிகள் சபை முழுவதற்கும் செனட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் நடப்பது. அதிபரின் கட்சி அதில் அடிவாங்குவது வழக்கம். 1934, 1998, 2002 விதிவிலக்குகள். பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் அதிபர் மீது குற்றம் சுமத்துவதுதான் 'இம்பீச்மென்ட்'. பதவி பறிபோக வேண்டுமானால் செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆண்ட்ரூ ஜான்சன் 1868இல் ஒரே வாக்கில் தப்பினார்; கிளின்டனும் இருமுறை டிரம்பும் தப்பினார்கள். இன்றுவரை எந்த அதிபரும் அந்த வழியில் வீட்டுக்குப் போனதில்லை. நிக்சன் அதற்கு முன்பே ராஜினாமா செய்துவிட்டார்.

ஜெர்ரிமேண்டரிங் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வரும் ஆண்டுகளில் அதிகம் அடிபடப்போகும் சொல் அதுதான். தொகுதி எல்லைகளை வரைவது பல மாநிலங்களில் சட்டமன்றமே; ஆளும் கட்சி தனக்கு வசதியாக வரைந்துகொள்கிறது. எதிர்க்கட்சி வாக்காளர்களைச் சில தொகுதிகளில் திணித்து அடைத்துவிடலாம், அல்லது எங்கும் பெரும்பான்மை வராதபடி சிதறடிக்கலாம். விஸ்கான்சினில் 2018 மாநிலச் சட்டப்பேரவைத் தேர்தலில் ஜனநாயகக் கட்சி பாதிக்கு மேல் வாக்குகள் வாங்கியும், 99 இடங்களில் 63 குடியரசுக் கட்சிக்குப் போயின. கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவதில் மத்திய நீதிமன்றங்கள் தலையிடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கைகழுவிவிட்டது. பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்புக்குப் பிறகு வரைவது வழக்கம். 2025இல் டெக்சாஸ் அந்த வழக்கத்தை மீறி நடுவிலேயே தொகுதிகளை மாற்றி வரைந்தது. பதிலடியாகக் கலிஃபோர்னியா மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தானும் மாற்றிக்கொண்டது. இரண்டு தரப்பும் இதில் சுத்தமில்லை.

கடைசிக் கேள்வி. தேர்தல் இரவில் 'வென்றார்' என்று அறிவிப்பது அசோசியேட்டட் பிரஸ் போன்ற செய்தி நிறுவனங்கள். அது சட்டபூர்வ அறிவிப்பல்ல. எண்ணிய வாக்குகளையும் எண்ணாமல் இருப்பவற்றையும் வைத்து, இனி மற்றவர் முந்த வழியில்லை என்று அவர்கள் சொல்லும் முடிவு. மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு என்பதால் சில இடங்களில் இது இழுக்கும். பென்சில்வேனியாவில் தபால் வாக்கு உறைகளைத் தேர்தல் நாள் காலைக்கு முன் பிரிக்கவே சட்டம் இடம் தருவதில்லை. 2020இல் முடிவு தெரிய நான்கு நாட்கள் ஆனதற்கு அது பெரிய காரணம். அன்றிரவு முன்னணியில் இருந்தவர் பிறகு பின்தங்கினால் அதில் மோசடி இருக்கத்தான் வேண்டும் என்பதில்லை. நேரில் போட்ட வாக்குகளை முதலிலும் தபால் வாக்குகளை அடுத்தும் எண்ணினால் அப்படித்தான் வரும்.

சட்டபூர்வமான வேலை அதன் பிறகுதான். மாநிலங்கள் முடிவைச் சான்றளிக்கின்றன. டிசம்பர் மத்தியில் தேர்வாளர்கள் தத்தம் மாநிலத்தில் கூடி வாக்களிக்கிறார்கள். ஜனவரி 6 அன்று காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் துணை அதிபர் தலைமையில் அந்த உறைகளைப் பிரித்து எண்ணுகிறார்கள். 20ஆம் தேதி பதவியேற்பு. 2021 ஜனவரி 6 அன்று கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது இந்த எண்ணிக்கையை நிறுத்தத்தான். துணை அதிபர் நினைத்தால் சில மாநிலங்களின் வாக்குகளைத் தள்ளிவிடலாம் என்று மைக் பென்ஸை டிரம்ப் நெருக்கினார், பென்ஸ் மறுத்தார். அப்படி வாதிட இடம் கொடுத்த, தேர்வாளர் வாக்குகளை எண்ணுவது பற்றிய 1887ஆம் ஆண்டுச் சட்டத்தின் குழறுபடிகளை 2022இல் இரு கட்சியினரும் சேர்ந்து திருத்தினார்கள். துணை அதிபரின் வேலை சடங்கு மட்டுமே என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது. முன்பு ஒரு செனட்டரும் ஒரு பிரதிநிதியும் கையெழுத்திட்டால் ஒரு மாநிலத்தின் முடிவை எதிர்த்து விவாதம் கிளப்பலாம். இப்போது இரு அவைகளிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட வேண்டும். புதிய சட்டத்தின் கீழ் முதல் எண்ணிக்கை 2025 ஜனவரி 6 அன்று நடந்தது. தலைமை தாங்கித் தன் தோல்வியின் எண்களைத் தானே வாசித்தவர் ஹாரிஸ். யாரும் ஆட்சேபம் எழுப்பவில்லை, ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.